மவுத் ஆர்கனில் நாக்குக்கு என்ன வேலை?



ஆனி மாதம் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போனால் கடைத்தெருவில் பலூன், பீப்பீ, விசில் இவற்றோடு மவுத் ஆர்கனும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அடம் பிடித்து வாங்கியும் இருப்பீர்கள். வாயில் வைத்து ஊதினால் 'ங்ங்ஙொய்ய்' என்று நாலைந்து சத்தம் ஒண்ணா வரும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் பாட்டு வராது. மூணாம் நாள் அம்மா "போதும்டா, காது வலிக்குது" என்பார்கள். நாலாம் நாள் அது பீரோ மேலே போய்விடும். எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், பதினோரு பேர் வீட்டில் இப்படி பீரோ மேலே ஒரு மவுத் ஆர்கன் தூங்குகிறது!

அது தூங்குவதற்குக் காரணம் நமக்கு இசை ஞானம் இல்லாதது அல்ல. உதட்டாலும் மூச்சாலும் வாசிப்பது என்று மட்டும் நினைத்துவிட்டோம். நாக்கு வாய்க்குள்ளே சும்மா கிடக்கிறது. அந்த நாக்குக்கு வேலை கொடுக்கும் முறைக்கு இங்கிலீஷில் 'டங் பிளாக்கிங்' என்று பெயர். 'நாக்கால் அடைத்து வாசிப்பது' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒரு வித்தை தெரிந்தால் பக்கவாத்தியம் இல்லாமலே, ஒரே ஆள், பாட்டையும் தாளத்தையும் சேர்த்து வாசிக்க முடியும். கீபோர்டு வேண்டாம், தபேலா வேண்டாம், கரண்ட் கூட வேண்டாம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பெட்டிக்குள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு முனையில் மட்டும் ஆணி அடித்து இறுக்கப்பட்டிருக்கும், மறுமுனை சும்மா ஆடும். இதைத்தான் ரீடு என்கிறோம். காற்று போனால் தகடு அதிரும், அதிர்ந்தால் சுரம் கேட்கும். நீளமான, கனமான தகடு என்றால் கீழ் சுரம். குட்டித் தகடு என்றால் மேல் சுரம். ஆர்மோனியத்திலும் இதே ரீடுதான், அக்கார்டியனிலும் இதேதான். மூணும் ஒரே குடும்பம். நம் நாதஸ்வரச் சீவாளி வேறு ஜாதி. அது நாணலில் செய்தது, ரெண்டு பட்டை ஒன்றோடொன்று உரசும், ஒரே சீவாளியில் எல்லா சுரமும் வரும். மவுத் ஆர்கனில் ஒரு தகட்டுக்கு ஒரு சுரம்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் நம்ம ஊர்க் கதை ஒன்றுக்குத் தேவைப்படும்.

இன்னொரு விசேஷம், இதில் ஊதினாலும் சத்தம் வரும், இழுத்தாலும் சத்தம் வரும். பத்துத் துளை மவுத் ஆர்கனில் ஒவ்வொரு துளைக்கும் ஊதும் சுரம் ஒன்று, இழுக்கும் சுரம் ஒன்று. ஆக 20 ரீடு. 'சி' சுருதி வாத்தியத்தில் நாலாவது துளையில் ஆரம்பித்தால் இப்படி வரும்:

4 ஊது – ச
4 இழு – ரி
5 ஊது – க
5 இழு – ம
6 ஊது – ப
6 இழு – த
7 இழு – நி
7 ஊது – மேல் ச

ஏழாவது துளையில் மட்டும் இழுப்பது முதலில், ஊதுவது அப்புறம். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது!

இப்போது கவனியுங்கள். ஊதும்போது பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் ச, க, ப, ச, க, ப என்றே வரிசையாக இருக்கும். எத்தனை துளையைச் சேர்த்து ஊதினாலும் சண்டை போடாது. கீபோர்டு வாசிக்கிற அண்ணன்கள் 'கார்டு' என்பார்களே, அதுதான் இது. முதல் நாலு துளையை இழுத்தால் ரி, ப, நி, ரி. அதுவும் ஒரு கார்டு, பஞ்சமத்தைச் சேர்ந்தது.

ஆனால் கீழ் ஸ்தாயியில் ஒரு குறை இருக்கிறது. முதல் மூணு துளையில் ச, ரி, க, ப, நி எல்லாம் இருக்கும். ம-வும் த-வும் இருக்காது! முதல் தடவை பார்த்தபோது என் வாத்தியம் மட்டும் ஓட்டை என்று நினைத்தேன். அப்படி இல்லை, வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அங்கே ம, த வைத்தால் சேர்த்து இழுக்கும்போது இனிமை கெட்டுவிடும். கீழ்த் துளைகளைப் பாட்டுக்கு என்று வைக்காமல் பக்கவாத்தியத்துக்கு என்றே ஒதுக்கிவிட்டார்கள். வலது பக்கம் பாட்டு, இடது பக்கம் துணை. நடுவில் கதவு மாதிரி திறந்து மூடுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே? அவர்தான் நாக்கு. அதாவது இந்த வாத்தியத்தின் அமைப்பே நாக்கை நம்பித்தான் இருக்கிறது. ஜெர்மனியில் கடிகாரம் செய்பவராக இருந்த மத்தியாஸ் ஹோனர் 1857-ல் ட்ரோசிங்கன் ஊரில் மவுத் ஆர்கன் செய்ய ஆரம்பித்தார். அந்த ஊர்ப் பக்கத்து நாட்டுப்புற மெட்டுகளை மக்கள் இப்படித்தான், ஒரே வாயில் ரெண்டு வேலையாக வாசித்தார்கள்.

சரி, எப்படிச் செய்வது?

வாத்தியத்தை இடது கையில் பிடியுங்கள். 1 என்ற எண் இடது பக்கம் இருக்கட்டும். உதட்டை விசில் அடிப்பது போலக் குவிக்காதீர்கள். மாம்பழத் துண்டைக் கடிக்கப் போவது போல வாயைத் திறந்து, வாத்தியத்தை நன்றாக உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள். உதட்டின் ஈரமான உட்பக்கம் படணும். 1, 2, 3, 4 நாலு துளையும் வாய்க்குள் இருக்கணும். ஊதுங்கள். நாலும் சேர்ந்து கேட்கும்.

இனி நாக்கை மெதுவாக நீட்டி 1, 2, 3 துளைகளின் மேல் வையுங்கள். நுனியால் குத்தக் கூடாது. நுனியைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, நுனிக்கு மேலே பரந்திருக்கும் பாகத்தால் மூடணும். நாக்கின் வலது ஓரத்துக்கும் வாயின் வலது மூலைக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும். காற்று அந்தச் சந்து வழியாகப் போய் 4-வது துளையில் மட்டும் விழும். தெளிவாக ஒரே ஒரு 'ச' கேட்டால் ஜெயித்துவிட்டீர்கள்!

முதல் நாளே கேட்காது. கேட்க வேண்டிய சத்தம் எது என்றே தெரியாமல் தேடுவதுதான் கஷ்டம். அதற்கு ஓர் உபாயம். செல்லோடேப்பை வெட்டி 1, 2, 3 துளைகளின் மேல் ஒட்டிவிட்டு வாயை முன்போலவே வைத்து ஊதுங்கள். 4 மட்டும் பேசும். அந்தச் சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொண்டு, டேப்பை எடுத்துவிட்டு, நாக்கால் அதே சத்தத்தைத் தேடுங்கள். (பசை ஒட்டாமல் துடைத்துவிடுங்கள், ஈறு எரியும்!)

நாக்கை அழுத்துவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. பத்து நிமிஷத்தில் நாக்கு நோகும், எச்சில் ஊறும், வெறுத்துப் போகும். 'லா' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு மேலே ஒட்டி விலகுகிறது அல்லவா? எவ்வளவு லேசாக ஒட்டுகிறது! அவ்வளவு அழுத்தம்தான் இங்கேயும். ஒட்டணும், விலகணும், அவ்வளவே.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற தாத்தா ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பார். ரெண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும். எப்படி தாத்தா என்று கேட்டேன். "மூச்சை நிறுத்தாத தம்பி. நாக்க வை, எடு. வை, எடு. கதவைத் திறந்து மூடுற மாதிரி. காத்து பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கட்டும்" என்றார். புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதுவதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

அதுதான் அடுத்த படி. 4-ல் 'ச' நீளமாகப் போய்க்கொண்டே இருக்கட்டும். ஊதுவதை நிறுத்தாமல் நாக்கை மட்டும் எடுத்து எடுத்து வையுங்கள். எடுக்கும்போது கீழே கார்டு 'ஜங்' என்று சேரும், வைத்தால் மறையும். பாட்டு அறுபடாது. இதைத் தாளத்தோடு செய்யணும். நமக்குச் சொற்கட்டு தெரியும், அதையே வைத்துக்கொள்வோம். தகதிமி என்று மனசுக்குள் சொல்லி, 'த'-விலும் 'தி'-யிலும் நாக்கு மூடியிருக்கட்டும், 'க'-விலும் 'மி'-யிலும் எடுங்கள். தகிட என்றால் 'த'-வில் மூடி, 'கி', 'ட' ரெண்டிலும் எடுங்கள். ஊஞ்சல் ஆடுவது போல வரும். ஒரு வாரம் ஒரே சுரத்தில் இதைச் செய்துவிட்டுப் பாட்டுக்குப் போங்கள். சீக்கிரம் பாட்டுக்குப் போகிறவன் நாக்கை மறந்துவிடுகிறான்.

அதற்கும் அடுத்தது எட்டுச் சுரம் தள்ளி ரெண்டு 'ச' ஒன்றாக வாசிப்பது. நாலு துளையை வாய்க்குள் வைத்து, நாக்கை நடுவில் குறுக்கி 2, 3-ஐ மட்டும் மூடினால் ரெண்டு ஓரத்திலும் சந்து. 1-ல் கீழ் ச, 4-ல் மேல் ச. ஒருவர் பாடும்போது இன்னொருவர் கீழ் ஸ்தாயியில் சேர்ந்து பாடுவது போல இருக்கும். ஊதும்போது எங்கே போனாலும் இந்த நாலு துளைக் கணக்கு சரி வரும். இழுக்கும்போது 1-4 சரி. மேலே போகப் போக நாலு துளை பத்தாது, 4-8, 5-9 என்று ஐந்து துளை அகலம் தேவை. வாயையும் நாக்கையும் கொஞ்சம் அகட்டணும்.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது பத்துத் துளை அல்ல, நீளமான 24 துளை வாத்தியம்தான், என்னிடம் அதுதானே இருக்கு என்பீர்கள். பயப்படாதீர்கள். அது 'ட்ரெமலோ' வகை. மேலும் கீழும் ரெண்டு வரிசைத் துளை, மொத்தம் 48 ரீடு. ஒவ்வொரு சுரத்துக்கும் ரெண்டு ரீடு, ஒன்றை வேண்டும் என்றே இம்மியளவு மாற்றி வைத்திருப்பார்கள். ஒன்று வினாடிக்கு 440 தடவையும் மற்றது 445 தடவையும் அதிர்ந்தால் வித்தியாசம் 5. வினாடிக்கு 5 தடவை சத்தம் ஏறி இறங்கும். +1 அண்ணன்களிடம் கேளுங்கள், இயற்பியலில் 'விம்மல்' என்று படித்திருப்பார்கள். அந்த நடுங்கும் இனிமைக்குக் காரணம் அதுதான்.

இதில் ஊதும் துளை, இழுக்கும் துளை மாறி மாறி தனித்தனியாக இருக்கும். ஊதும்போது பக்கத்துத் துளை பேசாது. அதனால் ஒற்றைச் சுரம் உதட்டாலேயே சுலபமாக வரும். நாக்குக்கு இங்கே தாளம் போடுவதுதான் முழு வேலை. வாயை இன்னும் அகலமாக, ஐந்து ஆறு துளைக்குத் திறந்து, வலது ஓரத்தில் மட்டும் சந்து விட்டு மற்றதை மூடி, மேல் வரிசை கீழ் வரிசை ரெண்டும் நாக்குக்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊதும்போது கார்டு சுத்தமாக இருக்கும். இழுக்கும்போது ரி, ம, த, நி கலந்து வருவதால் கொஞ்சம் கரகரப்பு. அதனால் இழுக்கும் சுரத்தில் நாக்கை அளவாக எடுங்கள்.

இனி நம்ம ஊர்க் கதை.

நம் தருமபுரம் கோயிலில் சுவாமிக்கு யாழ்முரிநாதர் என்று பெயர். ஏன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசித்து வந்தார். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். இங்கே இருந்த உறவினர்கள், இவர் யாழில் வாசிப்பதால்தான் பதிகத்துக்கே பெருமை என்று பேசினார்களாம். அது பாணருக்குப் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டும் என்று சம்பந்தரிடமே கேட்டார். அவரும் பாடினார். பாணரால் வாசிக்க முடியவில்லை. யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, முடிந்த அளவு வாசித்தால் போதும் என்றாராம். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை இது.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். குரலோ ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும், அசையும், வளையும். அதைக் கமகம் என்கிறார்கள். ஒரு நரம்பு ஒரு சுரம் என்ற வாத்தியத்தில் அது எப்படி அடங்கும்? மவுத் ஆர்கனுக்கும் இதே பிரச்சினைதான், ஒரு ரீடு ஒரு சுரம். ஆர்மோனியத்துக்கும் இதே பிரச்சினை வந்தது. கமகம் வராது என்பதை ஒரு காரணமாகச் சொல்லி 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே விலக்கி வைத்தது. 1971 வாக்கில்தான் அந்தத் தடை தளர்ந்தது. முப்பது வருஷம்! எனக்கு அது அதிகப்படியான தண்டனை என்றுதான் படுகிறது. சம்பந்தர் சொன்னதுதான் நியாயம்.

மவுத் ஆர்கனில் எது அடங்கும், எது அடங்காது? பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் முதலில் சரளி வரிசையை வாசிக்கத்தான் ஆசைப்படுவார்கள். அதுவே வராது! சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில். அதற்குச் சின்ன ரிஷபமும் சின்ன தைவதமும் தேவை. நம் வாத்தியத்தில் இருப்பதோ பெரிய ரி, பெரிய த. பத்துத் துளை வாத்தியத்தில் 4, 6 துளைகளை இழுக்கும்போது வாய்க்குள் காற்றை வளைத்து அரைச் சுரம் இறக்க முடியும், அமெரிக்காவில் ப்ளூஸ் வாசிப்பவர்கள் அதில் மன்னர்கள். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் சாதகம் வேண்டும். ட்ரெமலோவில் அதுவும் நடக்காது. பக்கவாட்டில் பொத்தான் வைத்த 'க்ரோமாட்டிக்' வகையில் எல்லாச் சுரமும் உண்டு, விலை பல மடங்கு.

அதற்காக பீரோ மேலே வைத்துவிடாதீர்கள். சங்கராபரணம் அப்படியே இருக்கிறது. அதில் ம, நி ரெண்டையும் விட்டுவிட்டால் மோகனம்: ச ரி க ப த. இதில்தான் வேடிக்கை. இந்த ஐந்தையே வைத்துக்கொண்டு, ரி-யை 'ச' என்று நினைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், மத்யமாவதி வரும். க-விலிருந்து ஆரம்பித்தால் இந்தோளம். ப-விலிருந்து சுத்தசாவேரி. த-விலிருந்து சுத்த தன்யாசி. ஒரே ஐந்து சுரத்தில் ஐந்து ராகம்! இதற்குக் கிரகபேதம் என்று பெயர். ம-வைச் 'ச' ஆக்கி ஏழு சுரமும் வாசித்தால் கல்யாணி. சினிமாப் பாட்டோ பஜனைப் பாட்டோ நாட்டுப்புறப் பாட்டோ, இந்த ராகங்களில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும். 'ச' இடம் மாறினால் பழைய கார்டு பொருந்தாது. ஆகவே நாக்கைத் திறந்து தாளம் போடுவது சங்கராபரணத்திலும் மோகனத்திலும்தான் அழகு. இந்தோளத்தில் நாக்கை மூடியே வைத்து ஒற்றைச் சுரமாக வாசியுங்கள்.

★ உங்களுக்குத் தெரியுமா? ★
1965 டிசம்பர் 16 அன்று ஜெமினி 6 விண்கலத்தில் வால்டர் ஷிரா 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டை மவுத் ஆர்கனில் வாசித்தார். விண்வெளியில் ஒலித்த முதல் இசைக்கருவிகளில் ஒன்று! அது நாலே துளை உள்ள குட்டி வாத்தியம்.
1975-ல் வந்த 'ஷோலே' இந்திப் படத்தில் அமிதாப் பச்சன் இரவில் வாசிப்பதாக வரும் மவுத் ஆர்கனை நிஜத்தில் வாசித்தவர் பானு குப்தா. அந்தப் படத்துக்கு இசையமைத்த ஆர்.டி. பர்மனும் மவுத் ஆர்கன்காரர்தான். 1958-ல் வந்த 'சோல்வா சால்' படத்தில், தன் அப்பா எஸ்.டி. பர்மன் இசையில், தேவ் ஆனந்த் பாட்டுக்கு அவர் வாசித்திருக்கிறார்.

பழகும்போது சில விஷயம். விடாமல் ஊதி இழுத்தால் தலை சுற்றும். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் வருவது அது. உடனே வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள், சரியாகிவிடும். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் வேண்டாம், காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் போதும். சாப்பிட்ட உடனே வாசித்தால் பருக்கை ரீடில் மாட்டும், வாய் கொப்பளித்துவிட்டு எடுங்கள். முறுக்கு சாப்பிட்ட வாயோடு தொடவே தொடாதீர்கள்!

நாக்கால் வாசித்தால் எச்சில் கொஞ்சம் அதிகம் இறங்கும். முடித்ததும் துளைப் பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட வையுங்கள். நம்ம ஊர் கடல் காற்றில் உப்பு இருக்கிறது. ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பித்தளை ரீடில் பச்சை பூக்கும், மேல் தகடு துருப்பிடிக்கும். அப்புறம் முதலில் சத்தம் போவது நீங்கள் அதிகம் வாசிக்கிற துளையாகத்தான் இருக்கும். ஏற்கெனவே பீரோ மேலே இருந்து எடுத்ததென்றால் முதலில் ரெண்டு பக்கமும் திருகைக் கழற்றி, மேல் தகட்டை எடுத்து, தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தள்ளுங்கள். ரீடை விரலால் நிமிண்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. பேனா, ஸ்கேல், ஜியாமெட்ரி பாக்ஸ் எது கேட்டாலும் கொடுங்கள். மவுத் ஆர்கனை மட்டும் சிநேகிதனுக்குக் கூட வாயில் வைக்கக் கொடுக்காதீர்கள். சளி, இருமல் எல்லாம் கூடவே போகும். கேட்டால், இந்தத் தாளைப் படிக்கச் சொல்லி அவன் வீட்டு பீரோ மேலே தேடச் சொல்லுங்கள்.